மரக் குறோசே ஊசி: முந்தைய பதிவுக்கு ஒரு புதுப்பிப்பு

பூவரசில் 5 மி.மீ. குறோசே ஊசி சீவுவது பற்றி முன்னர் எழுதியதற்கு அதிகம் வந்த கேள்வி, நூலைப் பிடிக்கும் நுனிக் கொழுக்கி ஏன் அதற்குக் கீழேயுள்ள ஒடுங்கிய கழுத்தில் முறிகிறது என்பதே.

முதற் காரணம் மரத்தின் வரி, அதாவது நார் ஓடும் திசை. வாளால் அறுத்த தடியில் வரி சரிந்து பக்கவாட்டில் வெளியேறும், அங்கேதான் முறியும். 9 மி.மீ. தடியைக் கத்தி வைத்துத் தட்டிப் பிளந்தெடுங்கள். பிளவு கோணினால் அது அடுப்புக்கு.

மற்றது வெட்டின் ஆழம். நுனியிலிருந்து 7 மி.மீ. தள்ளி, உள்ளே போகப் போக நுனிப்பக்கம் சாயும்படி மெல்லிய வாளால் வெட்டுங்கள். 2 மி.மீ. ஆழம் போதும், 5 மி.மீ. தடிப்பில் பாதியைத் தாண்டினால் கழுத்து தாங்காது. பிறகு தண்டுப் பக்கமிருந்து வெட்டின் அடிவரை சரித்துச் சீவுங்கள். கொழுக்கியின் உள்விளிம்பைச் சான்ட்பேப்பர் சுற்றிய கம்பியால் மழுக்காவிட்டால் நூல் பிரியும்.

பனை வைரம் பார்க்க அழகு, ஆனால் நார் கிளம்பி நூலைப் பிடிக்கும், கொழுக்கிக்கு வேண்டாம். முதிரை நல்ல மினுக்கம் தரும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும், முகக்கவசமும் நீளக்கையும் அவசியம்.

240 ஆம் இலக்கச் சான்ட்பேப்பரால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் கிளம்பிய நாரை இன்னும் நைசான 400 ஆம் இலக்கத்தால் எடுங்கள். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது, நூலில் கறை படியும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசித் துடையுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி வைத்தால் தானாகவே தீப்பற்றலாம்; வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

பின்னல் ஊசிச் சோடி செய்தால், இரண்டும் ஒரே தடிப்பா என்று அறிய, தகட்டில் 5 மி.மீ. துளையிட்டு இரண்டையும் அதற்குள்ளால் முழு நீளத்துக்கும் விட்டுப் பாருங்கள்.