குறுவை நெல்லுக்கு ஏ.எஸ்.டி 16 (குண்டு ரகம்) போடுவதா, கோ 51 (சன்ன ரகம்) போடுவதா?

கேள்வி (நீடாமங்கலம்): அரசு கொள்முதலில் சன்ன ரகத்துக்கு விலை கூடுதல். அதற்காக குண்டு ரகத்தை விட்டு மாறலாமா?

பதில் 1: கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சாதாரண (குண்டு) ரகம் குவிண்டால் 2,500, சன்ன ரகம் 2,545. 40 கிலோ மூட்டைக்கு வித்தியாசம் 18 ரூபாய்தான். ஏக்கருக்கு 50 மூட்டை என்றால் 900 ரூபாய். சன்ன ரகத்தில் ஒரு மூட்டை குறைந்தாலே அது போய்விடும். டெல்டாவில் பலர் மகசூலைப் பார்த்து ரகம் எடுப்பதற்கு இந்த விலை அமைப்பும் ஒரு காரணம். சாப்பாட்டு அரிசிக்கு வியாபாரி தனி விலை கொடுத்தால் மட்டும் கணக்கு மாறும்.

பதில் 2: விலையை விட ஈரப்பதம் முக்கியங்க. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீதம்தான் வரம்பு. 2022-இல் 19 வரை தளர்த்தினார்கள், ஆனால் அதை நம்பி நடவைத் தள்ளாதீர்கள். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வரத் தாமதமாகும். அதற்காகக் காத்திருந்தால் அறுவடை ஐப்பசி மழையில் மாட்டும், நெல் களத்திலேயே முளைவிடும். போர்வெல் வசதி இருந்தால் முன்கூட்டியே நாற்று விட்டு, 110 நாளுக்குள் வரும் ரகமாக எடுங்கள்.

கேள்வி கேட்டவர்: குத்தகை நிலம். அடங்கல் (நிலத்தில் யார், என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு) கிடைக்குமா?

பதில் 2: சாகுபடி செய்பவர் பெயரில் வி.ஏ.ஓ.விடம் அறுவடைக்கு முன்பே கேளுங்க. அது இல்லாமல் கொள்முதல் நிலையத்தில் பதிவு நின்றுவிடும், அப்புறம் வியாபாரி சொல்வதுதான் விலை.