கடலோர ஊராட்சியில் வெள்ளத் தடுப்பு வேலைகள்: எந்த நிதியில், எப்படிக் கேட்பது?

கடைமடை_உழவர்

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோர ஊராட்சி ஒன்றுக்காகக் கேட்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 10 செ.மீ.க்கு மேல் மழை கொட்டினால் இரண்டு தெருக்களிலும் 60 ஹெக்டேர் சம்பா வயலிலும் மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது. கிராம சபையில் நான்கு வேலைகளைத் தீர்மானமாகப் போட்டோம். 1.2 கி.மீ. வடிகாலைத் தூர்வார வேண்டும். சாலைக்கு அடியில் கிடக்கும் 900 மி.மீ. ஹியூம் பைப் இரண்டையும் எடுத்துவிட்டுப் பெரிய சிறுபாலம் கட்ட வேண்டும். பல்நோக்குப் பேரிடர் மையத்துக்கு ஜெனரேட்டரும் சைரனும் வேண்டும். உப்பங்கழி ஓரத்தில் அலையாத்தி நட வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து 85 லட்சம் ரூபாய்க்கு ஒரே மனுவாகக் கொடுத்தோம். "பேரிடர் நிதியில் இதற்கு வழியில்லை" என்று திரும்பி வந்துவிட்டது. உண்மையிலேயே வழியில்லையா, நாங்கள் கேட்ட விதம் தவறா?

வருவாய்_மேசை

கேட்ட விதம்தான் சார். நான்கு வேலைக்கும் நான்கு வெவ்வேறு தலைப்புகள். ஒரே மனுவாகப் போனால், அதில் பொருந்தாத ஒன்றைக் காட்டி முழுவதையும் திருப்பிவிடுவார்கள்.

"பேரிடர் நிதி" என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே பை இல்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 48 நிவாரணத்துக்கும் தணிப்புக்கும் (ஆபத்தை முன்கூட்டியே குறைப்பதற்கும்) தனித்தனி நிதிகளை ஏற்படுத்தச் சொல்கிறது. 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் 80 விழுக்காடு மாநிலப் பேரிடர் நிவாரண நிதி, 20 விழுக்காடு மாநிலப் பேரிடர் தணிப்பு நிதி. அந்த 80-க்குள்ளும் 40 மீட்பு, நிவாரணத்துக்கு, 30 மறுசீரமைப்புக்கு, 10 ஆயத்தநிலை, திறன் வளர்ப்புக்கு. தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசின் பங்கு 75 விழுக்காடு, மாநில அரசின் பங்கு 25 விழுக்காடு.

புயலோ வெள்ளமோ வருவதற்கு முன்னால் செய்யும் வேலைக்கு அந்த 40-ஐத் தொடவே முடியாது. உங்கள் மனு அங்கே போயிருந்தால் திரும்பி வந்ததில் வியப்பில்லை. நீங்கள் கேட்க வேண்டியது தணிப்பு நிதி. அதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்டது.

அதிலும் ஒரு வரம்பு உண்டு. தணிப்பு நிதி உள்ளூர் அளவிலான, மக்கள் பங்கேற்புள்ள, ஆபத்தைக் குறைக்கும் வேலைகளுக்கு மட்டும். கடற்சுவர், ஆற்றின் வெள்ளக்கரை போன்ற பெரிய கட்டுமானங்களை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களில்தான் செய்ய வேண்டும் என்று நிதிக்குழுவே எழுதியிருக்கிறது. ஆகவே மனுவில் "வெள்ளக்கரை", "தடுப்புச் சுவர்" என்ற சொற்கள் தேவையில்லாமல் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆண்டுதோறும் செய்யும் தூர்வாரலையும் இதில் சேர்க்காதீர்கள்; அது பராமரிப்புக் கணக்கில்தான் பார்க்கப்படும்.

உங்கள் நான்கில் தணிப்பு நிதிக்கு நேராகப் பொருந்துவது சிறுபாலம்தான். சைரன், ஜெனரேட்டர் இரண்டையும் ஆயத்தநிலைத் தலைப்பில் மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவு வழியாகக் கேளுங்கள். அலையாத்தி வனத்துறைக்குப் போகும். தூர்வாரல் யாருடைய வாய்க்கால் என்பதைப் பொறுத்தது.

எதைக் கேட்பதற்கு முன்னும் இரண்டு தாள்களைக் கையில் வையுங்கள். ஒன்று, மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் உங்கள் ஊர் இடம்பெறும் பக்கம். பாதிப்புக்குள்ளாகும் இடங்களை மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு என்று நான்காகப் பிரித்து மாவட்ட இணையதளத்திலேயே போடுகிறார்கள். பட்டியலில் ஊர் இல்லையென்றால் முதல் வேலை அதில் சேர்க்கச் சொல்லி வட்டாட்சியரிடம் எழுதுவது. இரண்டு, இழப்புக் கணக்கு: 2018 கஜா புயலிலும் அதற்குப் பிந்தைய வெள்ளங்களிலும் சேதமான வீடுகளின் பட்டியல், பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு, முகாமில் தங்கியவர்களின் பதிவேடு. கிராம நிர்வாக அலுவலரிடம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். ஆபத்து இருக்கிறது என்று அரசின் தாளே சொல்லும்போது வாதத்துக்கு இடமில்லை.

மட்டக்கோல்

நிதித் தலைப்பை மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மதிப்பீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். "பெரிய சிறுபாலம்" என்று எழுதினால் எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார். எவ்வளவு பெரியது, ஏன் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

சிறிய நீர்ப்பிடிப்புக்கு எளிய சூத்திரம் போதும்: ஓட்டக் கெழு (பெய்யும் மழையில் வழிந்தோடும் பங்கு) × மழைச் செறிவு (மி.மீ./மணி) × பரப்பு (ஹெக்டேர்) ÷ 360. விடை கன மீட்டர்/விநாடியில் வரும். ஈரம் ஊறிய களிமண் வயலுக்குக் கெழு 0.5, செறிவு மணிக்கு 60 மி.மீ., பரப்பு 60 ஹெக்டேர் என்று வைத்தால் 0.5 × 60 × 60 ÷ 360 = 5 கன மீட்டர். இப்போதுள்ள 900 மி.மீ. பைப் ஒன்றின் குறுக்குப் பரப்பு 0.636 சதுர மீட்டர். விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் முழுதாக ஓடினாலும் இரண்டும் சேர்ந்து 1.9 கன மீட்டர்தான் விடும். அடியில் மூன்றில் ஒரு பங்கு வண்டல் என்றால் அதுவும் இல்லை. அதே வேகத்துக்கு 1.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரத்தில் இரண்டு கண் பாக்ஸ் கல்வெர்ட் (பெட்டி வடிவக் கான்கிரீட் சிறுபாலம்) 5.4 கன மீட்டர் விடும். செறிவு எண்ணை மட்டும் வானிலைத் துறையின் உங்கள் பகுதிப் பதிவிலிருந்து எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். இந்த அரைப்பக்கக் கணக்கு இல்லாமல் தணிப்பு நிதிக்கு மதிப்பீடு அனுப்பாதீர்கள்.

இதைவிட முக்கியமானது வடிகாலின் கடைசி மட்டம். பாலத்தை அகலமாக்கினாலும், வடிகால் விழும் இடத்தில் தண்ணீர் ஏறி நின்றால் ஒன்றும் வடியாது. நம் கடலோரத்தில் ஓதம், அதாவது அன்றாடம் கடல்நீர் ஏறி இறங்குவது, ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் சமதரையில் அரை மீட்டர் ஏறினாலே பல நூறு மீட்டர் உள்ளே வரை ஓட்டம் நின்றுவிடும். புயல் நேரத்தில் அலையேற்றமும் சேரும். ஆகவே ஒரே நிலையான மட்டக்குறியிலிருந்து ஐந்து மட்டங்களை (உயரங்களை) எடுங்கள்: தெருவில் வெள்ளம் நின்ற கோடு, பாலத்தின் மேல்புற அடிமட்டம், கீழ்ப்புற அடிமட்டம், வடிகால் முடியும் இடத்தின் அடிமட்டம், அங்கே ஓதம் ஏறும் கோடு. வெள்ளக்கோட்டைச் சுவரில் ஆண்டோடு பெயிண்டில் குறித்துப் படமும் எடுத்து வையுங்கள். தெருவின் வெள்ளக்கோட்டுக்கும் ஓதக்கோட்டுக்கும் இடையே 30 செ.மீ.கூட வித்தியாசம் இல்லையென்றால் பாலத்தில் பணத்தைக் கொட்டுவதைவிடக் கடைமடை ஷட்டரைச் சரிசெய்வதுதான் பலன் தரும்.

வடிகால் எதில் விழுகிறது? வெண்ணாற்றுப் பாசனத்தில் வெள்ளையாறு, பாண்டவையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியில் சீரமைப்புக்கு எடுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று என்றால் நீர்வளத் துறையிடம் நீள்வெட்டு வரைபடமே (நீளவாக்கில் அடிமட்டங்களைக் காட்டும் படம்) இருக்கும். அந்த மட்டங்களோடு உங்கள் மட்டங்களைப் பொருத்திப் பாருங்கள்.

இன்னொன்று. 5 கன மீட்டரை வேகமாகக் கீழே அனுப்பினால் அடுத்த குடியிருப்பு தாங்குமா? கீழ்ப்புற ஊராட்சியின் எழுத்துபூர்வச் சம்மதத்தை இணையுங்கள். இல்லாவிட்டால் வேலை தொடங்கும் நாளில் மறியல் நடக்கும், அதில் நியாயமும் இருக்கும்.

கடைமடை_உழவர்

மிக்க நன்றி. வடிகால் 'அ' பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேட்டில்) வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் நான்கு வீட்டுக் கொல்லைப்புறம் உள்ளே வந்திருக்கிறது. சாலை ஊராட்சி ஒன்றியச் சாலை. தூர்வாருவதற்கு யாரைக் கேட்பது?

வருவாய்_மேசை

புறம்போக்கு என்பது நிலத்தின் வகைதான். பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை நீர்வளத் துறை உதவிச் செயற்பொறியாளரிடமும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நீர்வளத் துறையுடையது என்றால் டெல்டா சிறப்புத் தூர்வாரும் பணியில் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்புக்கு முன் முடிக்கும் வேலை அது. பட்டியல் முன்கூட்டியே தயாராகிவிடும், ஆகவே பொங்கலுக்குள் மனு போயிருக்க வேண்டும். சி, டி பிரிவு வாய்க்கால் (வயல்களுக்குப் போகும் சிறிய கிளை வாய்க்கால்) என்றால் வேளாண் பொறியியல் துறையையும் கேளுங்கள். ஊராட்சி ஒன்றியத்துடையது என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு கட்ட வேண்டும்.

ஆக்கிரமிப்பை மறைத்து மதிப்பீடு போடாதீர்கள். நில அளவரை வைத்துப் புல வரைபடப்படி எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்பில்லாத நீளத்தை முதல் கட்டமாகவும் அந்தப் பகுதியை இரண்டாம் கட்டமாகவும் பிரியுங்கள். இடம் கைக்கு வராமல் ஒப்பந்தம் போட்டால் வேலை பாதியில் நின்று நிதி காலாவதியாகும். அந்த நான்கு குடும்பத்துக்கும் மாற்று இடம் கேட்டு அதே கோப்பில் எழுதுங்கள். வெள்ளத்தில் முதலில் நனைவது அவர்கள் வீடுகள்தான்.

மட்டக்கோல்

தூர்வாரலுக்கு ஒரு குறிப்பு. 30 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு எடுங்கள், 1.2 கி.மீ.க்கு 41 வரும். அடி அகலம் 2 மீட்டர், பக்கச் சரிவு 1:1, வண்டல் 0.6 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 1.56 சதுர மீட்டர், மொத்தம் 1,872 கன மீட்டர். வேலைக்கு முந்தைய மட்டங்கள் அளவுப் புத்தகத்தில் (பொறியாளர் வேலை அளவைப் பதியும் ஏட்டில்) ஏறாமல் பொக்லைனை இறக்கிவிட்டால் பிறகு எவ்வளவு தோண்டினார்கள் என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. எடுத்த மண்ணைக் கரை விளிம்பில் குவிக்கக் கூடாது, முதல் மழையிலேயே உள்ளே சரியும். மண்ணைக் கொட்டும் இடத்தையும் தூரத்தையும் மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

காலக்கணக்கும் பாருங்கள். ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். திறப்பு, ஒப்புதல், உடன்படிக்கை எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மாதம் போகும். கான்கிரீட் பாலத்துக்கு மூன்று மாதம். அக்டோபருக்குள் முடிய வேண்டுமென்றால் நிர்வாக அனுமதி மே மாதத்தில் கையில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் பாதி வெட்டிய சாலையும் மாற்றுப்பாதை மண்ணும் வடிகாலை அடைத்துக் கிடப்பது, பழைய பைப்பைவிட ஆபத்து.

சுரபுன்னை

அலையாத்திக்கு ஒன்றிய அரசின் மிஷ்டி திட்டம் 2023-இல் தொடங்கியது, செயல்படுத்துவது வனத்துறை. ஊராட்சி தனியாக நடவுக்குப் பணம் கேட்பதைவிட, இடத்தைக் காட்டி, கிராமக் குழு அமைத்து, மாவட்ட வன அலுவலருக்குத் தீர்மானம் அனுப்புவதே நேர்வழி. அலையாத்தி இருக்கும் இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் கடுமையான பிரிவுக்குள் வரும். வாய்க்கால் வெட்டுவது, மண் அள்ளுவது எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள்.

இடத் தேர்வில்தான் பெரும்பாலான நடவுகள் சாகின்றன. ஓதம் வந்து வந்து போகும் சேறுதான் வேண்டும். எப்போதும் மூழ்கிக் கிடக்கும் அடித்தளத்தில் நட்டால் அழுகும். மணல்மேட்டில் நட்டால் காயும். ஓதம் ஏறாமல் தண்ணீர் தேங்கி ஆவியாகும் பள்ளங்களில் உப்பு ஏறி, வெறும் தரையாகக் கிடக்கும். அங்கே எத்தனை கன்று வைத்தாலும் வீண். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அப்படிப்பட்ட இடங்களுக்கு மீன்முள் வடிவத்தில் தாய் வாய்க்காலும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓதநீரை உள்ளே விட்டு, உப்பைக் கழுவிய பிறகே நட்டார்கள். அந்த வாய்க்கால்கள் சில ஆண்டுகளில் தூர்ந்துவிடும். ஆகவே திட்டத்தில் நடவுச் செலவு மட்டும் இருந்தால் போதாது. மூன்று ஆண்டு பராமரிப்பு, இறந்த கன்றுக்கு மாற்று, வாய்க்கால் மறுதூர்வாரல், ஆடு மாடு மேயாமல் காவல் எல்லாம் வேண்டும். அது இல்லாத ஒதுக்கீட்டை வாங்காமல் இருப்பதே மேல்.

முகாம்_பொறுப்பு

பேரிடர் மையம் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ஜெனரேட்டரைத் தனியாகக் கேட்காதீர்கள். எத்தனை பேர், எத்தனை நாள் என்று தொடங்கி எழுதுங்கள். 300 பேர், 2 நாள் என்றால் குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் வீதம் 1,800 லிட்டர். சமையல், கழுவல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 லிட்டர் வீதம் 9,000 லிட்டர். தொடக்கத்தில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை வீதம் 6. மாடித் தொட்டியின் கொள்ளளவும் கழிப்பறை எண்ணிக்கையும் இதற்குக் குறைவாக இருந்தால் அதையும் அதே கோரிக்கையில் சேருங்கள். மழைநீர்ச் சேகரிப்பும் குடிநீரும் ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியத்தின் நிபந்தனைக்குட்பட்ட பகுதியிலேயே செய்யத்தக்கவை, அதற்காக மாவட்டத்துக்கு அலைய வேண்டாம்.

ஜெனரேட்டர் தரைத்தளத்தில் வைத்தால் வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அதுதான். வெள்ளக்கோட்டுக்கு மேலே மேடை கட்டுங்கள். தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கும்போது மின்சாரத்தைப் பல மடங்கு இழுக்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் வாங்கினால் விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. டீசலும் மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் யார் செலவு என்று கிராம சபைத் தீர்மானத்தில் எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாத கோரிக்கைகளே அதிகம், கேள்வி கேட்டுத் திரும்புவதும் அவைதான். சைரனுக்கு பேட்டரி கட்டாயம், காற்று ஏறும் முன்பே மின்வாரியம் இணைப்பைத் துண்டித்துவிடும். யார் சொன்னால் ஒலிக்க வேண்டும் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077 சைரன் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கட்டும்.

கடைமடை_உழவர்

நான்காகப் பிரித்து எழுதத் தொடங்கிவிட்டோம். முதலில் மட்டம் எடுக்கிறோம். எல்லாக் கோப்பும் ஆட்சியரிடம்தானா?

வருவாய்_மேசை

தணிப்பு நிதிக் கோப்பு மட்டும் ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் மதிப்பீட்டோடு மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு. அதன் தலைவர் ஆட்சியர். அங்கிருந்து சேப்பாக்கத்தில் வருவாய் நிர்வாக ஆணையரகம். பிறகு தலைமைச் செயலாளர் தலைமையிலான மாநிலச் செயற்குழு. ஊராட்சிக்குத் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலமென்றால் தனி அலுவலர் கையெழுத்து வேண்டும். "இந்த வேலை வேறு எந்தத் திட்டத்திலும் எடுக்கப்படவில்லை" என்ற சான்றை ஊராட்சி ஒன்றியத்திலும் நீர்வளத் துறையிலும் வாங்கி இணையுங்கள். 2026 ஏப்ரலிலிருந்து 16-ஆவது நிதிக்குழுவின் காலம். மனு கொடுக்கும்போது நடப்பில் உள்ள ஆணையின் எண்ணையும் தேதியையும் மாவட்டப் பிரிவில் கேட்டு, அதையே மனுவின் முதல் பத்தியில் குறிப்பிடுங்கள்.