கொள்ளுத்தாத்தா வேல்ஸ் ரயில்வே ஆளு, எப்படித் தேடுறது?

மஞ்சக்குப்பத்தான்: அம்மா வழி கொள்ளுத்தாத்தா வேல்ஸ்காரர், டாஃப் வேல் ரயில்வேல ஃபயர்மேனா (நீராவி எஞ்சின்ல கரி அள்ளிப் போடுறவர்) இருந்துட்டு இங்க சவுத் இந்தியன் ரயில்வேக்கு வந்து கடலூர்லயே கல்யாணம் பண்ணிக்கிட்டாராம். ஒரு பித்தளை பட்டன்தான் மிச்சம், ஆயா புளி போட்டுத் தேச்சுத் தேச்சு எழுத்தே மங்கிப்போச்சு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

புதுவை ரயில்: டாஃப் வேல் 1922ல கிரேட் வெஸ்டர்ன்ங்கிற பெரிய ரயில்வே கம்பெனியோட சேர்ந்துடுச்சு, பழைய ஸ்டாஃப் ரிஜிஸ்டரெல்லாம் லண்டன்ல கியூங்கிற ஏரியாவுல இருக்கிற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல (அரசு ஆவணக் காப்பகம்) இருக்கு, சிலதுல சம்பளம், அபராதம்கூட இருக்கும்.

ஓல்டுடவுன்: அதுக்கு முன்னாடி சர்ச் கல்யாண ரிஜிஸ்டர் பாருங்க சார், மாப்பிள்ளையோட அப்பா பேரு அதுல இருக்கும். அது இல்லாம வேல்ஸ்ல தேடினா ஜோன்ஸ், டேவிஸ்னு ஊரெல்லாம் ஒரே பேரு, ஆளைப் பிரிக்கவே முடியாது. அந்த சர்ச் ரிஜிஸ்டரோட நகல் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரிலயும் இருக்கலாம்.

மஞ்சக்குப்பத்தான்: ரொம்ப நன்றிங்க, ஞாயித்துக்கிழமையே சர்ச்சுக்குப் போறேன்.