மறு: கிரான் கையேட்டில் 'குறியாக்கம்': ஒரு சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம். குறித்த நேரத்தில் பணிகளைத் தானே இயக்கும் நிரலான கிரானின் கையேட்டைத் தமிழாக்கும்போது 'என்கோடிங்' என்பதற்கு எல்லா இடத்திலும் 'குறியாக்கம்' போதுமா என்ற கேள்விக்கு என் பதில் இது.

> எழுத்துக்கு 'எழுத்துக் குறியாக்கம்', மடல் அனுப்புவதற்குப் 'பரிமாற்றக் குறியாக்கம்' என்று வைத்துவிட்டால் போதாதா? இரண்டும் என்கோடிங்தானே?

போதாது என்றே நினைக்கிறேன். கையேட்டில் இந்தப் பகுதியைத் தேடி வருகிறவர் ஏற்கனவே சிக்கலில் மாட்டியவர். இரவில் ஓடும் காப்புநகல் நிரல் 'பணி முடிந்தது' என்று தமிழில் எழுதுகிறது. முனையத்தில் இயக்கினால் ஒழுங்காகத் தெரிகிறது. கிரான் அனுப்பும் மடலில் மட்டும் கேள்விக்குறியும் கட்டமுமாக வருகிறது. எங்கே கைவைப்பது என்று நம் சொல் அவருக்குக் காட்ட வேண்டும்.

டெபியன், ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கல்கள் இரண்டிலும் உள்ள கிரான், தான் தொடங்கியபோது இருந்த லொகேலை (கணினியின் மொழி, எழுத்து அமைப்பை) பார்த்துத்தான், மடல் எந்த எழுத்து வகையில் உள்ளது என்று சொல்லும் தலைப்புவரியை (ஹெடரை) எழுதுகிறது. அப்போது லொகேல் எதுவும் அமைக்கப்படவில்லை என்றால் வெறும் 'சி' லொகேல்தான். தலைப்புவரியில் 'ஆன்சி எக்ஸ்3.4-1968' என்று விழும். அது ஆங்கில எழுத்துகளுக்கென 1968-இல் வந்த ஆஸ்கி தரத்தின் பெயர். உள்ளே இருப்பதோ தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 பைட்டுகள். மடல்செயலி தலைப்புவரியை நம்பினால் தமிழ் சிதையாமல் என்ன செய்யும்?

கிரான்டேபில் (கிரானின் பணிப்பட்டியல் கோப்பில்) மொழியைக் குறிக்கும் 'லாங்' மாறியை மாற்றினால் நிரலின் வெளியீடு மாறலாம், தலைப்புவரி மாறாது. 'கன்டென்ட் டைப்' மாறியில் யூடிஎஃப்-8 என்று குறித்தால் தலைப்புவரி மாறும், பைட்டுகள் அப்படியே இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலரும் மணிக்கணக்கில் அலைகிறார்கள். தமிழ் மடலுக்குப் பெரும்பாலும் 'கன்டென்ட் டைப்' வரி ஒன்றே போதும்.

'ஆக்கம்' என்ற ஈறு இங்கேதான் கெடுதல் செய்கிறது. ஆக்கம் என்றால் யாரோ ஒன்றை இன்னொன்றாக ஆக்குகிறார்கள் என்று பொருள். கிரான் எதையும் ஆக்குவதில்லை, அறிவிப்பதோடு சரி. மடல் எந்த வடிவில் போகிறது என்று குறிக்கும் 'கன்டென்ட் டிரான்ஸ்ஃபர் என்கோடிங்' மாறியில் பேஸ்64 (பைட்டுகளைச் சாதாரண ஆங்கில எழுத்து, எண், குறிகளாக எழுதும் முறை) என்று போட்டுப் பாருங்கள். கிரான் உடலை பேஸ்64-ஆக மாற்றித் தராது, தலைப்பில் மட்டும் அப்படி எழுதிவிடும். மடல்செயலி சாதாரண உரையை பேஸ்64 என்று எண்ணிப் பிரிக்கப் போய், இருந்ததும் போய்விடும். 'பரிமாற்றக் குறியாக்கம்' என்று எழுதி வைத்தால், கிரானே மாற்றித் தரும் என்று படிப்பவர் நம்புவது அவர் குற்றமா?

அப்புறம், என்கிரிப்ஷனுக்கும் 'குறியாக்கம்' என்றே எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 'மறையாக்கம்' என்ற நல்ல சொல் இருந்தும் இந்தக் கலப்பு இன்னும் தீரவில்லை. 'மடலின் குறியாக்கத்தை அமைக்கவும்' என்று படிக்கிறவர் மடலுக்குப் பூட்டுப் போடச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை: எழுத்துக்கு 'எழுத்துக் குறிமுறை', அனுப்புவதற்குப் 'பொதிமுறை'. முறை என்றால் எந்த வழி என்ற தகவல் மட்டுமே. யார் செய்கிறார்கள் என்று அது சொல்வதில்லை. மாற்றும் செயலைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பொதித்தல்' என்று எழுதலாம்.

இரண்டும் வேறு வேலை என்பதற்கு 'பணி' என்ற சொல்லே சாட்சி. ப, ண, இகரக் குறி என்று மூன்று குறியீடுகள். யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 9. முதல் எழுத்தான 'ப' 224, 174, 170 என்று போகிறது. இதே 9 பைட்டை பேஸ்64-இல் பொதித்தால் 12 எழுத்து, இத்தகைய பைட் ஒவ்வொன்றையும் 3 எழுத்தாக எழுதும் கோட்டட் பிரின்டபிளில் பொதித்தால் 27 எழுத்து. பொதிமுறை மாறினாலும் குறிமுறை மாறவில்லை. 8 பிட் மடலை ஏற்கும் சர்வர் என்றால் பொதிக்கவே வேண்டாம், '8பிட்' என்று அறிவித்தால் போதும். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையில் மடல் எழுதியவர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும். அங்கே பொதிமுறை சரியாக இருந்தும் குறிமுறை தெரியாமல் படிக்க முடியாமல் போன மடல்கள் ஏராளம்.

> 'ஷெட்யூல்டு ஜாப்' = திட்டமிட்ட பணி?

வேண்டாமே. திட்டமிட்டது எப்போது நடக்கும் என்று அந்தச் சொல்லில் இல்லை. 'காலமுறைப் பணி' கிரானுக்குப் பொருந்தும். ஒரே ஒரு தடவை ஓடும் 'அட்' கட்டளைக்குப் பொருந்தாது. கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறோம், நேரம் குறிக்கிறோம். 'நேரங்குறித்த பணி' என்றால் இரண்டையும் தாங்கும். அறிவிப்பு மடலை 'பணி அறிக்கை மடல்' என்று சொல்லலாம். ஆனால் பணி எதையும் அச்சிடாவிட்டால் கிரான் மடலே அனுப்பாது என்பதால், 'அறிக்கை' கொஞ்சம் கனமாகத்தான் படுகிறது. 'வெளியீட்டு மடல்' இன்னும் நெருக்கம்.

கையேட்டு வரி இப்படி வரும்: 'நேரங்குறித்த பணிகளின் வெளியீட்டு மடலுக்கு எழுத்துக் குறிமுறையையும் பொதிமுறையையும் இம்மாறிகளால் அறிவிக்கலாம், கிரான் உள்ளடக்கத்தை மாற்றாது.' கடைசித் துண்டு மூலத்தில் இல்லை என்று தெரியும். இருந்தாலும் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகவாவது சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. 'பொதிமுறை' ஏற்கனவே வேறு எதற்காவது புழக்கத்தில் இருந்தால் இந்த இழையிலேயே சொல்லுங்கள், 'கட்டுமுறை' என்று மாற்றிப் பார்க்கலாம்.