மறுமொழி: பிரசன்டேஷனுக்குத் தமிழ்ச்சொல் – விளக்கக்காட்சியா, காட்சியுரையா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அலுவலர் பயிற்சிக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிவரும் அம்மையார் எழுப்பிய ஐயத்தையும் அதற்கு வந்த மறுமொழிகளையும் படித்தேன். திட்டமிடல், வடிவமைப்பு, அவையில் நிகழ்த்துதல் என மூன்று பகுதிகளாக அமைந்த அந்தக் கையேட்டில் ‘பிரசன்டேஷன்’ என்ற சொல் ஒரு வரியில் கணினிக் கோப்பையும் அடுத்த வரியில் ஒருவர் எழுந்து நின்று பேசுவதையும் குறிப்பதாகவும், இரண்டுக்கும் ‘விளக்கக்காட்சி’ என்றே போட்டால் “விளக்கக்காட்சியை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, விளக்கக்காட்சியை ஒத்திகை பாருங்கள்” என்பது போன்ற வாக்கியங்கள் வந்து விழுவதாகவும் அவர் எழுதியிருந்தார். அந்தக் குழப்பம் மூலச்சொல்லிலேயே இருக்கிறது. அதையும் சேர்த்து இறக்குமதி செய்யாமல், பேசும் செயலுக்கு ஒரு சொல்லும் திரையில் காட்டும் பொருளுக்கு வேறொரு சொல்லும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

> முன்வைப்பு, நிகழ்த்துகை ஆகிய இரண்டுமே இங்கே பழக்கத்தில் உள்ளன. புதுச்சொல் எதற்கு?

யாழ்ப்பாணத்து நண்பரின் இக்கேள்வி நியாயமானது. ஆனால் கோரிக்கையையும் முன்வைக்கிறோம், வாதத்தையும் முன்வைக்கிறோம். திரையும் படமும் இல்லாமல் ஒற்றைத் தாளிலும் முன்வைக்கிறோம். ‘முன்வைப்பு’ எனும்போது நாம் பேசவந்த பொருள் தனித்துத் தெரிவதில்லை. ‘நிகழ்த்துகை’ செயலைச் சுட்டும் அளவில் சரியானது. எனினும் கூத்து, நாடகம் முதலியவற்றை ஆராய்வோர் நிகழ்த்துகலை, நிகழ்த்துகை என்று அச்சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தெருக்கூத்தைப் பற்றி ஒருவர் ஸ்லைடு போட்டுப் பேசினால் எது நிகழ்த்துகை என்று கேட்க நேரும்.

‘விளக்கக்காட்சி’யின் சிக்கல் வேறு. இத்தகைய கூட்டுச்சொல்லில் பொருளின் தலைமை பின்னால் வரும் சொல்லுக்கே உரியது. ஆகவே விளக்கக்காட்சி என்பது ஒருவகைக் காட்சிதான். அச்சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழுவது திரை. பேசுபவர் ஓரமாக நிற்கும் உதவியாளராகிவிடுகிறார். கல்லூரிகளில் பவர்பாயிண்ட் கோப்பைச் சுட்டி “பிபிடி போட்டாச்சா?” என்று கேட்கும் வழக்கத்திலும் இதே மனநிலைதான் இருக்கிறது: கோப்பு முடிந்தால் வேலை முடிந்தது.

எனவே நான் முன்மொழிவது ‘காட்சியுரை’. காட்சியோடு கூடிய உரை என விரியும் இச்சொல், தலைமையுரை, வாழ்த்துரை, விரிவுரை, நன்றியுரை என்று நம் அழைப்பிதழ்களில் நாள்தோறும் அச்சாகும் குடும்பத்தில் இயல்பாகப் போய் அமர்கிறது. “காட்சியுரை ஆற்றினார்” என்று வினையாக்கலாம். ஆற்றுபவரைக் காட்சியுரையாளர் எனலாம். கலைச்சொல் ஒன்று நிலைக்குமா என்பதற்கு நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான்: வினை, ஆள், அடை ஆகிய மூன்றும் அதிலிருந்து தடையின்றிப் பிறக்க வேண்டும். ‘விளக்கக்காட்சி அளிப்பவர்’ என்று சுற்றிவளைத்துத்தான் ஆளைச் சொல்ல முடிகிறது என்பதே அச்சொல்லின் போதாமைக்குச் சான்று. ஜப்பானில் பிறந்த ஒரு வழியையும் பாருங்கள். 2003ஆம் ஆண்டு டோக்கியோவில் கட்டடக்கலைஞர் இருவர் தொடங்கிய, 20 ஸ்லைடுகள், ஒவ்வொன்றுக்கும் 20 நொடி, மொத்தம் 6 நிமிடம் 40 நொடி என்ற முறைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பெச்சாகுச்சா’. ஜப்பானிய மொழியில் அது அரட்டைப் பேச்சின் ஒலிக்குறிப்பு. படத்தை எண்ணி அளந்தவர்களும் பெயரை வைத்தது பேச்சுக்குத்தான்.

> கோப்பு, பேச்சு என்று பிரிப்பது இலக்கணக்காரர் பொழுதுபோக்கு. நடைமுறையில் இதனால் என்ன ஆகிவிடப்போகிறது?

இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது வெளிப்புற எரிபொருள் கலத்திலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் பாதிப்பை ஆராய்ந்து, முடிவுகளை ஸ்லைடுகளாக நாசாவிடம் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகளின்படி கணிப்பு பாதுகாப்பான பக்கமே சாய்ந்திருப்பதாகப் படிப்போருக்கு ஆறுதல் தந்தது. அதன் அடியில், உள்ளடுக்கு உள்ளடுக்காகப் பொட்டுக்குறிகள் (புல்லட்) இறங்கிய பிறகு, கடைசியில் கிடந்தது உண்மையான செய்தி: மோதிய துண்டின் மதிப்பீட்டுப் பருமன் 1920 கன அங்குலம், சோதனைக்கு எடுத்துக்கொண்டதோ 3 கன அங்குலம். 640 மடங்கு வேறுபாடு உள்ள பொருளுக்கு அந்தச் சோதனை எதையும் உறுதி சொல்லாது என்பதைத் தலைப்பில் வைத்திருக்க வேண்டும். பிப்ரவரி 1 அன்று புவிக்குத் திரும்புகையில் விண்ணோடம் சிதைந்து, அதிலிருந்த 7 பேரும் உயிரிழந்தனர். விசாரணைக் குழுவின் அறிக்கை, தரவுகளைப் படமாகக் காட்டும் முறைகளை ஆராயும் அறிஞர் எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடைப் பகுத்தாய்ந்ததை எடுத்துக்காட்டி, முறையான தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடுகளையே கைமாற்றிக்கொள்ளும் வழக்கத்தைச் சிக்கலாகச் சுட்டியது. பேச்சுக்குத் துணையாக இருக்க வேண்டிய பொருள் அறிக்கையின் இடத்தில் போய் உட்கார்ந்தால், விளக்கிச் சொல்ல ஆளும் இருப்பதில்லை, முழுமையாக எழுதிய வாதமும் இருப்பதில்லை.

கையேட்டின் முதற்பகுதிக்கு இதிலிருந்து நேரே வரலாம். ‘விளக்கக்காட்சியைத் திட்டமிடுங்கள்’ என்று எழுதினால் படிப்பவர் மென்பொருளைத் திறந்து வார்ப்புரு தேடத் தொடங்குவார். ‘காட்சியுரையைத் திட்டமிடுங்கள்’ என்றால், யாரிடம் பேசப்போகிறோம், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எழுந்து போகும்போது அவர்கள் எதை முடிவுசெய்திருக்க வேண்டும் என்ற கேள்விகள் முன்னே வரும். ஸ்லைடு எத்தனை என்பது பிறகு. கை கவசாகி (Guy Kawasaki) என்ற முதலீட்டாளர் சொல்லிப் புகழ்பெற்ற 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 புள்ளி அளவுள்ள எழுத்து என்ற கணக்கைக் கையேடு மேற்கோள் காட்டுவதாக அம்மையார் எழுதியிருந்தார். அது முதலீடு கேட்டு வருவோருக்காகச் சொன்னது என்பதைக் குறிப்பிட்டு மொழிபெயர்ப்பது நல்லது, எல்லா அவைக்கும் பொது விதியாகக் கொள்ள வேண்டாம்.

வடிவமைப்புப் பகுதியில், மூலநூலில் இருக்க வாய்ப்பில்லாத ஒன்றை மொழிபெயர்ப்பாளரே சேர்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். தமிழில் பொட்டுக்குறிப் பட்டியல் போட்டால் வரிகள் தாமாகவே தொழிற்பெயரில் போய் முடிகின்றன: கண்காணித்தல், மேம்படுத்துதல், நடவடிக்கை மேற்கொள்ளப்படுதல். செய்தது யார், எப்போது, செய்தார்களா இல்லையா என எதுவும் அதில் இராது. தமிழ் வாக்கியத்தின் முடிவு முற்றுவினையில் இருக்கிறது. அதை அகற்றிவிட்டால் கருத்தே அகன்றுவிடுகிறது. ஏரி ஒன்றைப் பற்றிய ஸ்லைடுக்கு “நீர்நிலை மேலாண்மைச் சிக்கல்கள்” என்று தலைப்பிடுவதைவிட, “வரத்துக்கால்வாய் தூர்ந்ததால் மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை” என்று ஒரு முழு வாக்கியத்தை இட்டு, கீழே கால்வாயின் படம் ஒன்றைப் போட்டால் போதும். தலைப்பு இரண்டு வரி ஓடினால் ஓடட்டும்.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல். மெலிந்த எழுத்துருவில், ஒளி மங்கிய புரொஜெக்டரில், கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. அது போனால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும், ஒருவர் அந்த வரியைத் திரும்பப் படிப்பதற்குள் பேச்சு இரண்டு வாக்கியம் நகர்ந்திருக்கும். தமிழில் உயிர்மெய்க் குறிகள் மேலும் கீழும் நீள்வதால் ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி நமக்குப் போதாது. அத்துடன், நம் கணினியில் தேர்ந்த எழுத்துரு அரங்கின் கணினியில் இல்லாவிட்டால் வேறொன்று அவ்விடத்தில் வந்து வரிகளெல்லாம் உடைந்துபோகும் என்பதால், பிடிஎஃப் படி ஒன்றையும் கையில் வைத்திருப்பது தமிழில் பேசுவோருக்குக் கட்டாயம்.

நிகழ்த்தும் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். திரையில் உள்ளதை வரிக்கு வரி வாசிக்கக் கூடாது என்ற அறிவுரைக்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கண் படிக்கும் வேகம் வாய் பேசும் வேகத்தைவிடக் கூடுதல், அவை முன்பே படித்து முடித்துவிட்டு, நாம் வந்துசேரும்வரை காத்திருக்கிறது. ஒரே சொற்களை எழுத்தாகவும் ஒலியாகவும் ஒருங்கே கொடுப்பது கற்றலுக்கு இடையூறாகலாம் என கல்வி உளவியலாளர் ரிச்சர்டு மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகளும் காட்டுகின்றன. பவர்பாயிண்டில் ஸ்லைடு ஓடும்போது ‘பி’ (B) விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும். அவையின் பார்வை உடனே பேசுபவர்மேல் திரும்பும். பலருக்குத் தெரியாத இந்த வசதிக்குத் ‘திரைமறைப்பு’ என்று பெயரிட்டுக் கையேட்டில் ஒரு வரி சேர்க்கலாம்.

அடுத்து, ஸ்லைடு என்பதற்கான சொல்.

> படவில்லை என்ற சொல் மென்பொருள்களில் வந்துவிட்டது. அதை மாற்ற முடியாது.

எனக்கு அச்சொல் சரியாகப் படவில்லை! வேடிக்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை: “மூன்றாவது படவில்லை கண்ணில் படவில்லை” என்ற வரியைப் பயிற்சிக்கு வருபவர் ஒருமுறையாவது தவறாகப் படித்துவிட்டுத்தான் மேலே செல்வார். ஒட்டி எழுதினால் எதிர்மறை வினையாகவே கண்ணில் விழும் ஒரு பெயர்ச்சொல் கையேட்டுக்கு ஆகாது. ஸ்லைடுக்கு வழங்கும் மற்றொரு சொல்லான ‘நழுவம்’, மூலச்சொல்லின் நழுவும் பொருளை எடுத்துக்கொண்ட ஆக்கம். படத்தை ஒளியால் திரையில் காட்டிய பழைய கருவியான மாய விளக்கின் காடியில் வண்ணம் தீட்டிய கண்ணாடித் தகட்டை நகர்த்திச் செருகிய காலத்தில் அந்தப் பெயருக்குக் காரணம் இருந்தது. நம் திரையரங்குகளில் இடைவேளையில் ஊர்க் கடைகளின் விளம்பரங்களைக் கண்ணாடிச் சிலைடுகளாகப் போட்ட வரையிலும்கூட அது பொருந்தும். 1987இல் பவர்பாயிண்டின் முதற்பதிப்பு வெளிவந்தபோது அது செய்துகொடுத்ததே விளக்கொளியால் திரையில் பெரிதாக்கிக் காட்டும் கறுப்பு வெள்ளை ஓஎச்பி தாள்கள்தாம். கோடாக் நிறுவனம் ஸ்லைடு புரொஜெக்டர் செய்வதை 2004ஆம் ஆண்டோடு நிறுத்தியும்விட்டது. இன்று நழுவுவதற்கு எதுவும் இல்லை.

‘வில்லை’ மட்டும் தனித்து நின்றால் எனக்கு மறுப்பில்லை. கற்பூர வில்லை, மருந்து வில்லை என வட்டமானவற்றுக்கு வழங்கிய அச்சொல் அஞ்சல் வில்லை, ஒட்டு வில்லை எனத் தட்டையான, சதுரமான பொருள்களுக்கும் பரவியிருக்கிறது. ஆகவே செவ்வகத் திரைக்கும் இழுக்கில்லை. லென்சையும் வில்லை என்று எழுதும் அறிவியல் பாடங்களில் மயக்கம் வரும் என்பதால், முதல்முறை வருமிடத்தில் ‘காட்சிவில்லை’ என்று எழுதிப் பின்னர் ‘வில்லை’ எனச் சுருக்கிக்கொள்ளலாம். அவை அனைத்தையும் கொண்ட கோப்பு ‘வில்லைக்கட்டு’. அப்போது அம்மையாரின் வாக்கியம் இப்படியாகும்: “வில்லைக்கட்டை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, காட்சியுரையை ஒத்திகை பாருங்கள்.” எது கோப்பு, எது பேச்சு என்பதில் இனி ஐயம் இராது. பேச்சுவழக்கில் மக்கள் ஸ்லைடு என்றும் பிபிடி என்றும் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். அதைத் தடுப்பது இந்தக் கையேட்டின் வேலையில்லை.

முடிவாகாமல் நிற்பது, பேச்சு முடிந்ததும் அவையினர் கையில் கொடுக்கும் தாளுக்கான பெயர். ‘கையேடு’ வேறு பொருளில் ஊன்றிவிட்டது. ‘துண்டறிக்கை’ என்றால் தேர்தல் நினைவு வருகிறது. ‘உடன்தாள்’ என்று ஒன்றை எழுதிப் பார்த்தேன், விண்ணப்பத்தோடு இணைக்கும் சான்றிதழ்போல் ஒலிக்கிறது. ‘கைத்தாள்’ போதுமா, வேறு நல்ல சொல் எவரிடமேனும் உண்டா என்பதை, கையேடு அச்சுக்குப் போகுமுன் தெரிவித்தால் அம்மையாருக்கு உதவியாக இருக்கும்.

அன்புடன்.