ஷெல்பி ஃபுட் எழுதியது வரலாறா?

பழஞ்சுவடி:
வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் குறித்து அமெரிக்க எழுத்தாளர் ஷெல்பி ஃபுட் எழுதி, 1958 முதல் 1974 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த நூலை வரலாறு என்று ஏற்க எனக்கு மனமில்லை. ஏறத்தாழ 3,000 பக்கங்கள். சான்று காட்டும் அடிக்குறிப்புகள் இல்லை. ஒரு தளபதி இன்ன வேளையில் இன்னது சொன்னார் என்று படிக்கும்போது, அது எந்த ஆவணத்தில் உள்ளது என்று நாம் எங்கே போய்த் தேடுவது?

கரைமேடு:
தாம் நம்பிய மூலங்களை, குறிப்பாக அரசு வெளியிட்ட 128 நூல்கள் கொண்ட போர் ஆவணத் தொகுப்பை, ஃபுட் மறைக்கவில்லை. பதிப்பகம் கேட்டதோ சிறிய நூல்; அவர் மைதொட்டு எழுதும் பேனாவுடன் இருபது ஆண்டுகள் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன்பே ஐந்து புனைகதை நூல்களை வெளியிட்டிருந்த அவர், அங்கே பழகிய கலையை நிகழ்ச்சிகளைக் கற்பிக்க அல்ல, அடுக்கவே பயன்படுத்தினார். முடிவை முன்கூட்டிச் சொல்லாததால், கெட்டிஸ்பர்க் சண்டையில் தெற்கின் தளபதி லீக்குத் தெரியாதது நமக்கும் தெரிவதில்லை. கிழக்கே உள்ள வர்ஜீனியாவையே சுற்றிவந்த போர்க்கதையில் விக்ஸ்பர்க் முற்றுகைக்கும் மேற்குக் களத்துக்கும் உரிய இடம் தந்தவரும் அவர்தான்.

பழஞ்சுவடி:
அடுக்குவதிலும் சார்பு உண்டு, நண்பரே. மிசிசிப்பியில் பிறந்த ஃபுட், 1990இல் வந்த கென் பர்ன்ஸின் தொலைக்காட்சித் தொடரில், அந்தப் போர் தந்த இரு மேதைகள் லிங்கனும் ஃபாரஸ்டும் என்றார். தெற்கின் குதிரைப்படைத் தளபதியான அந்த ஃபாரஸ்ட் போருக்கு முன் அடிமை வணிகர். 1864 ஏப்ரலில் பில்லோ கோட்டையில் சரணடைந்த கறுப்பினப் படையினரைக் கொன்றது அவருடைய படை. பின்னர் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி இயக்கத்தின் தலைவரும் ஆனார். வடக்கின் படையில் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் போரிட்டிருக்க, தளபதிகளின் குரலே ஓங்கி ஒலிக்கும் ஃபுட்டின் பக்கங்களில் அவர்களுடைய குரல் எவ்வளவு மெலிந்திருக்கிறது!

கரைமேடு:
அந்தக் குறையை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதை அடிக்குறிப்பின் கணக்கில் எழுதாதீர்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் போருக்குப் பிந்தைய தெற்கைப் பற்றிக் கல்விப்புல முறைப்படியே எழுதினார்கள். கறுப்பின மக்களை ஆளத் தகுதியற்றவர்களாகக் காட்டியதும் அவர்கள்தாம்.

பழஞ்சுவடி:
அடிக்குறிப்பு நேர்மைக்கு உத்தரவாதம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. டன்னிங் மரபைச் சான்றுக்குச் சான்று வைத்து மறுக்க முடியும். ஃபுட்டை மறுக்க விரும்புபவரோ அந்த 128 நூல்களையும் முதலிலிருந்து புரட்ட வேண்டும்.