தொண்டிக் கடலில் தாழைக் கணக்கு: மீனவர் எடுக்கலாமா, ஆய்வகமே போதுமா?

செக்காலை_சுப்பு:
காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் தொண்டி மீனவர்களும் சேர்ந்து, கடலடியில் புல் போல வளரும் கடல்தாழையைக் கணக்கெடுக்கலாம் என்று இங்கே ஒரு யோசனை வந்தது. படகோட்டி 'இங்க நெறைய இருக்கு' என்பதைத் தரவாக எழுதினால் எந்த ஆய்விதழ் வாங்கும்? அந்தக் காசுக்குக் கடல்நீரை வடிகட்டி, அதிலிருக்கும் டிஎன்ஏவைப் படித்தால் என்னென்ன மீன் வருகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

தொண்டி_வத்தை:
அண்ணே, பேச்சு தாழையைப் பற்றி, நீங்கள் மீனுக்குப் போய்விட்டீர்கள். மீன் டிஎன்ஏவை மட்டும் பிடித்துப் பெருக்கும் 12எஸ் பிரைமரில் தாழை வராது, அதற்குத் தாவர மரபணுக் குறி தனியாக வேண்டும். அது வந்தாலும் இனத்தின் பெயர்தான் கிடைக்கும், தரையில் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்பது கிடைக்காது. ஆவுளியா, அதாவது கடல்பசு, ஒரு நாளைக்கு 30, 40 கிலோ தாழை மேயும். அதற்குப் பெயர்ப்பட்டியல் எதற்கு?

கடல்தாழையைக் கண்காணிக்கும் ஸீகிராஸ்-வாட்ச் திட்டத்தின் முறையில் ஒரு இடத்துக்கு 50 மீட்டர் கயிறு மூன்று, ஒன்றுக்கொன்று 25 மீட்டர் தள்ளி. ஒவ்வொரு 5 மீட்டருக்கும் 50 செ.மீ. சதுரச் சட்டம் ஒன்றை வைக்க வேண்டும், ஆக 33 சட்டம். சட்டத்தை அரை அங்குல பிவிசி குழாயில் செய்து, நான்கு பக்கமும் துளை போடுங்கள். துளை இல்லையென்றால் உள்ளே காற்று நின்று சட்டம் மிதக்கும், அதைப் பிடித்து அமுக்குவதற்குள் சேறு கலங்கிவிடும். இலையை வைத்தே இனத்தைப் பிரிக்கலாம்: உருண்டைக் குழல் போல இருந்தால் சிரிங்கோடியம், முட்டை வடிவச் சிற்றிலை என்றால் ஹாலோபிலா ஓவாலிஸ், நுனியில் ரம்பப் பல் இருந்தால் சைமோடோசியா செருலாட்டா. இதற்கு பட்டம் வேண்டுமா?

கல்லல்_மீனா:
இனத்தைப் பிரிப்பதில் எனக்குச் சந்தேகமில்லை, சதவீதத்தில்தான். புதிதாகப் பார்ப்பவர் அனேகமாகக் கூடுதலாகவே மதிப்பிடுவார், அதுவும் நீளமான இலை சாய்ந்து கிடந்தால். 10, 25, 50, 75 சதவீதப் படங்களை லேமினேட் செய்து கையில் கொடுங்கள். முதல் கயிற்றில் இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுதட்டும். வித்தியாசம் 10-க்கு மேல் போனால் மறுபடி பழக்குங்கள்.

அதைவிடப் பெரிய வம்பு ஜிபிஎஸ். தொண்டிப் பக்கம் கருவி 9°44.5' என்று காட்டும். அதைத் தாளில் 9.445 என்று எழுதினால் போச்சு, சரியான எண் 9.742. புள்ளி தெற்கே 33 கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். புறப்படுமுன்பே கருவியைத் தசம பாகைக்கு மாற்றிவிடுங்கள்.

செக்காலை_சுப்பு:
மீனா சொன்னதை ஏற்கிறேன், வத்தை சொன்னதை முழுக்க ஏற்கவில்லை. வாடைக்காலத்தில் பாக் விரிகுடா கலங்கிக் கிடக்கும்போது உங்கள் சட்டத்துக்குள் என்ன தெரியும்? அப்போதும் தண்ணீரை அள்ளலாமே.

தொண்டி_வத்தை:
அள்ளலாம், வடிகட்டத்தான் முடியாது. கலங்கல் நீரில் 0.45 மைக்ரான் வடிதாள் ஒரு லிட்டர் போவதற்குள் அடைத்துக்கொள்ளும். அடைப்புக்குப் பயந்து ஒரு நாள் 300 மி.லி., மறுநாள் ஒரு லிட்டர் என்று எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. எங்கே அள்ளுகிறீர்கள் என்பதும் முக்கியம். மீன் இறங்குதளம் பக்கம் போனால், ஆழ்கடலில் பிடித்து வந்து கரையில் கழுவிய மீனெல்லாம் உங்கள் பட்டியலில் ஏறிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீர் ஒரு பாட்டில் கூடவே வர வேண்டும். அதிலும் மீன் தெரிந்தால் அழுக்கு உங்கள் கையில்தான். வெயிலில் காரைக்குடி வரை சுமப்பதும் வேண்டாம், அழகப்பா பல்கலையின் கடலியல் துறை தொண்டியிலேயே இருக்கிறது, அங்கேயே வடிகட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கல்லல்_மீனா:
மீனவர் குறிப்பிலும் ஓட்டை உண்டு அண்ணே. மீன் கிடைக்கும் இடத்துக்கே படகு போகும், 'ஒன்றும் விழவில்லை' என்று யாரும் எழுதுவதில்லை. வலை நீளம், கண் அளவு, தண்ணீரில் கிடந்த நேரம், வெறுங்கை இவையெல்லாம் இருந்தால்தான் அது தரவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடை, சேறு கிளப்ப இழுவைமடி இருக்காது, தாழை பார்க்க அது நல்ல நேரம். ஆனால் அந்த ஒரு பருவத்தை வைத்து ஆண்டு முழுவதையும் பேசக் கூடாது.

செக்காலை_சுப்பு:
சரி, இரண்டையும் வைத்துக்கொள்வோம். ஆனால் புள்ளிகளைப் பொதுவில் போடுங்கள். பூட்டி வைத்தால் வேறொருவர் எப்படிச் சரிபார்ப்பார்?

தொண்டி_வத்தை:
அதற்கு மட்டும் ஒப்ப மாட்டோம். கடல் அட்டை பிடிக்க 2001-லேயே தடை வந்தும் கள்ளத்தனம் நின்றபாடில்லை. அட்டை கிடக்கும் இடத்தைப் படம் போட்டுக் காட்டினால் யார் முதலில் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கடல்பசுக் காப்பகம் 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டருக்குத்தான் வந்தது. தொண்டி அதற்குள் இல்லை, காவலுக்கும் ஆளில்லை.

கல்லல்_மீனா:
அட்டை, கடல்குதிரைப் புள்ளிகளை மட்டும் 0.1 பாகைக்குச் சுருக்குங்கள், சுமார் 11 கிலோமீட்டர் கட்டம். சுருக்கியது என்று தரவிலேயே எழுதுங்கள். தாழைப் புள்ளி அப்படியே இருக்கட்டும். துல்லியமானது எழுத்தில் கேட்பவருக்கு.

தொண்டி_வத்தை:
கேட்டால் கொடுப்பது யார்? கல்லூரியா, ஊரா? அது முடிவாகாமல் எங்கள் பக்கத்தில் ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். ஒரு நாள் டீசலும் கூலியும் யார் தருவார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

செக்காலை_சுப்பு:
கூலி நியாயம். சாவி ஊர்க் கையில் மட்டும் என்றால் நான் எதிர்ப்பேன். ஆளுக்கொன்று, இரண்டு சாவி.